வாற மாசம் போற பிள்ளைகள்

பல் வைத்தியத் தொழிலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி இருப்பார். கதைக்கிற வேலை முழுவதும் நம்முடையது. வெள்ளவத்தையில் நான் பல்லுப் பிடுங்கவும் அடைக்கவும் தொடங்கிய காலத்திலிருந்து என் கதையை இடையில் மறித்தவர்கள் மிகக் குறைவு. நீங்களும் அந்தக் கதிரையில் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நோகாது. நொந்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன் என்று சொல்வேன். நிறுத்துவேனா என்பது வேறு விஷயம்.

போன மாதம், பள்ளிக்கூடம் நடக்கிற ஒரு நாள் காலையில், ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்து வயதிருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் முழுவதும் சூத்தை. "ஸ்கூல் இல்லையோ தம்பி?" என்று கேட்டேன். பையன் அம்மாவைப் பார்த்தான்.

"நாங்கள் வாற மாசம் போறம் டொக்டர். அதுதான் ஸ்கூலால நிப்பாட்டிட்டம். அங்க பல்லுக்குச் சரியான செலவாம். எல்லாத்தையும் இஞ்சயே அடைச்சுக்கொண்டு போவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

"விசா வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. ஆனா வந்திடும்."

"அதுவரைக்கும் ஸ்கூலுக்கு விடலாந்தானே?"

"இல்லை டொக்டர், போற பிள்ளை. ஏன் சும்மா?"

போற பிள்ளை! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம். பஞ்சில் கராம்பு எண்ணெயைத் தொட்டுக்கொண்டு நின்ற கை அப்படியே நின்றுவிட்டது. கராம்பு எண்ணெயின் மணம் உங்களுக்கெல்லாம் பல் டொக்டரின் மணம். எனக்கு அது ஒரு லொட்ஜின் மணம். மண்ணெண்ணெய் அடுப்பு, காயாத உடுப்பு, கடற்காற்று, இவற்றோடு கலந்த கராம்பு எண்ணெய். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அந்த லொட்ஜ் இருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறையொன்றில் அம்மா, நான், தம்பி. அப்பா எங்களுக்கு முன்னமே கனடா போய்விட்டார். அவர் போய் எங்களைக் கூப்பிடுவார் என்பதுதான் ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. ஒரு மாதத்துக்கென்று வந்தோம்.

வந்த புதிதில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் பயங்கரமான கொதி. கன்னம் வீங்கிவிட்டது. அம்மா பஞ்சில் கராம்பு எண்ணெயை வைத்து, "கொஞ்சம் பொறு பிள்ளை. வாற மாசம் அங்க போய்க் காட்டுவம். அங்க நல்ல டொக்டர்மார்" என்றார். ஒரு பல்லுக்கொதியைக் கனடாவரை கொண்டுபோகச் சொன்ன தாயைப் பற்றி நீங்கள் வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்தப் பல்லால்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் போனது.

எங்கள் லொட்ஜில் இருந்த எல்லாரும் போகிற ஆட்கள்தான். பிரான்ஸ் போகிறவர்கள், சுவிஸ் போகிறவர்கள், கனடா போகிறவர்கள். ஆனால் ஒருவரும் போன மாதிரி இல்லை. போகிற ஆட்களுக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. அறை கூட்டத் தும்புத்தடி வாங்கக்கூடாது, போகும்போது யாருக்குக் கொடுப்பது? இருக்கிற, தேய்ந்து அரைவாசியான தும்புத்தடியை முழு மாடியும் முறை வைத்துப் பாவித்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. சூட்கேசிலிருந்து உடுப்பை எடுத்து அலுமாரியில் அடுக்கக்கூடாது. இவற்றுக்கெல்லாம் காரணம் சிக்கனம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, அது பயம். ஊன்றிக்கொண்டால் அலுவல் இழுபடும். இருக்கப்போகிறவர்கள் மாதிரி நடந்தால் இருக்கத்தான் வேண்டிவரும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆணி பள்ளிக்கூடம். மேல்மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்ததாம், நாங்கள் வருவதற்கு முன்பு. அவர் வந்த கையோடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாராம். அடுத்த கிழமையே எம்பசியில் விசா இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். அந்த வாத்தியாரை நாங்கள் யாரும் கண்டதில்லை. ஆனால் அவருடைய கதையை மாடிக்கு மாடி எல்லாத் தாய்மாரும் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை அறிந்தவராயிருந்தால் இது எவ்வளவு பெரிய கூத்து என்று உங்களுக்கு விளங்கும். குண்டு விழுந்த நாளிலும் ரியூசன் போன சனம் நாங்கள். எங்கள் அம்மா ஊரில் எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டார், நாளைக்குச் சோதனை ஏதும் இருக்கிறதா என்றுதான் கேட்பார். அப்படிப்பட்ட சனம், கொழும்புக்கு வந்து, காலி வீதியில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் போவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு, தன் பிள்ளைகளை அறைக்குள் வைத்திருந்தது. வீதியில் சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, பஸ்ஸில் பயம், இதெல்லாமும் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கருத்தரங்குகளில் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று பேசுகிறவர்கள் வறுமை என்பார்கள், தூரம் என்பார்கள். எங்கள் மாடியில் காரணம் ஒரேயொரு சொல்தான். வாற மாசம்.

பக்கத்து அறையில் வாசுகி இருந்தாள். என் வயதுதான். அவளும் தாயும் மட்டும். தகப்பன் எங்கள் அப்பா இருக்கிற அதே ஊரில். பகல் முழுவதும் நானும் வாசுகியும் மாடிப்படியில் இருந்து போகிற வருகிற பஸ்ஸின் சிங்களப் பலகையை வாசிப்போம். அப்படித்தான் எனக்குச் சிங்களம் வந்தது. இன்றைக்கும் நான் சிங்களம் வாசித்தால் அதில் ஒரு கொண்டக்டரின் அவசரம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ரெலிபோன் எடுப்பார். அறைக்கல்ல, அந்தக் காலத்தில் அறையில் ஏது ரெலிபோன். காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் பெட்டிகள், வெளியே வாங்குகளில் காத்திருக்கிற சனம். நடத்தியவர் ஒரு முஸ்லிம் மனிதர், எல்லாரும் நானா என்போம். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் நானா அறை நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் மூவரும் ஒரு பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்போம்.

அப்பா ஊரில் சங்கக் கடையில் கணக்கு எழுதினவர். கனடாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். முதலில் அம்மாவோடு கதைப்பார். "வாற மாசம் சரிவரும்" என்பார். பிறகு என்னிடம் வருவார். அவருக்கு என்னிடம் கேட்க ஒரு விஷயம்தான் இருந்தது.

"பிள்ளை பள்ளிக்கூடம் போறியோ?"

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடித் திறந்து தலையை ஆட்டினார். ஓம் என்று சொல்லு என்று அர்த்தம்.

"ஓம் அப்பா."

அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த மனிதர் கிழமை முழுவதும் கோப்பை கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவர். விபரம் கேட்கத் தொடங்கினார். எந்த ரீச்சர்? பக்கத்தில் ஆர் இருக்கிறது? இன்றைக்கு என்ன பாடம்? நானும் கட்டத் தொடங்கினேன். றோஸ்மலர் ரீச்சர் என்று ஒருவரைப் படைத்தேன். அவருக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாமரம் நட்டேன். வாசுகியை வகுப்புத் தலைவியாக்கினேன். வெளியே வந்ததும் நானா தலையைச் சொறிந்துகொண்டு, "நல்ல ஸ்கூல் மகள். நானும் இந்த றோட்டுல பொறந்து வளர்ந்த ஆள்தான், எனக்கு மட்டும் அது எங்க இருக்கிண்டு விளங்குதில்ல" என்பார்.

ஒரு ஞாயிறு அப்பா தவணைச் சோதனையில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டுவிட்டார். அம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அவ்வளவு பெரிய பொய் வாயில் வரவில்லை.

"ஆறாம் பிள்ளை அப்பா."

ஒழுங்கை வரைக்கும் அம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பிறகு திரும்பி நின்றார்.

"இல்லாத பள்ளிக்கூடத்திலயும் உனக்கு முதலாம் பிள்ளையா வரேலாதோ?"

சொல்லி முடித்த அடுத்த கணம் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடு ஒழுங்கையில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளை படிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் அடுத்த கிழமையும் நான் றோஸ்மலர் ரீச்சரின் வகுப்பில்தான் இருந்தேன். அலுவலைக் குழப்ப அம்மாவுக்குத் துணிவில்லை.

எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது சொல்லலாம். நான் மறந்துகொண்டிருந்தேன். ஊரில் தெரிந்த கணக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. தமிழில் எழுதும்போது எந்த றகரம் என்று தடுமாறினேன். ஒருநாள் கீழே கடைக்குப் போனபோது, சீருடை போட்ட ஒரு பிள்ளை தன் தாயிடம் என்னைக் காட்டி, "அவ ஏன் ஸ்கூல் போகேல்ல?" என்று கேட்டாள். தாய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நான் வீதிப்பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

பெரிய ஞாயிறு என்று நாங்கள் பிறகு பெயர் வைத்த அந்த ஞாயிறன்று அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். கணக்கு எழுதின கை சும்மா இருக்குமா?

"பின்னம் படிச்சிட்டியளோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அப்ப சொல்லு பாப்பம். அரையோட மூண்டில ஒண்டைக் கூட்டினா எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். இதற்கு அம்மாவாலும் விரலால் விடை காட்ட முடியவில்லை. மறுமுனையில் அப்பா, "ஆறுதலாச் சொல்லு, அவசரமில்லை" என்றார். அவசரமில்லையாம்! நிமிடத்துக்குக் காசு போய்க்கொண்டிருக்கிற ரெலிபோனில், அவசரமே உருவான அந்த மனிதர் எனக்காகப் பொறுத்து நின்றார். என்னால் தாங்கமுடியவில்லை.

"அப்பா, நான் பள்ளிக்கூடம் போறேல்ல. ஒரு நாளும் போகேல்ல. றோஸ்மலர் ரீச்சர் எண்டு ஒருத்தரும் இல்லை."

அம்மா என் தோளைப் பிடித்தார். தம்பிக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அழத் தொடங்கினான். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அம்மாட்டக் குடு" என்று கேட்டது.

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார். ஓம், ஓம் என்றார். பிறகு மிகவும் மெல்லிய குரலில், "அப்ப நீங்கள் எனக்குச் சொன்னது?" என்றார்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு இன்னும் அங்கே இருக்க அனுமதியே கிடைக்கவில்லை. தன் வழக்கே முடியாத மனிதர் எங்களை எப்படிக் கூப்பிடுவது? எங்களுக்கென்று ஒரு விண்ணப்பமும் போடப்படவில்லை. அம்மா மனம் உடைந்துவிடுவார் என்ற பயத்தில் மாதாமாதம் வாற மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தைக் கட்டினேன், அவர் விசாவைக் கட்டினார். மகள் மெய் சொன்ன பிறகு அவருக்கு மறைக்க மனம் வரவில்லைப் போலும். இன்னும் எத்தனையோ வருடம் செல்லும், பிள்ளைகளைப் படிப்பியும் என்றாராம்.

கொமினிகேஷனால் வெளியே வந்த அம்மா லொட்ஜுக்குத் திரும்பவில்லை. காலி வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் இரும்புக்கடைக்குப் போனார். முழுத் தும்புத்தடி ஒன்றும் ஒரு பிடி ஆணியும் வாங்கினார். தும்புத்தடியைத் தோளில் சாத்திக்கொண்டு அம்மா முன்னால் நடக்க நாங்கள் பின்னால் போனோம். மாடிப்படியில் நின்ற வாசுகியின் தாய், "என்ன தங்கச்சி இது?" என்று கேட்டார்.

"நாங்கள் இருக்கப்போறம் அக்கா" என்றார் அம்மா. அவ்வளவுதான். உள்ளே போய் அம்மிக்குழவியால் சுவரில் ஆணி அடித்தார். அந்தச் சத்தத்தை முழு லொட்ஜும் கேட்டது.

வெள்ளவத்தையில் போன பள்ளிக்கூடங்களில் லொட்ஜ் விலாசம் சரிவராது என்றார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தது. அதிபர் தலை நரைத்த ஒரு பெண்மணி. ஊர், பெயர், வயது எதுவும் அவர் கேட்கவில்லை.

"எப்ப போறீங்க?"

"மிஸ்?"

"லொட்ஜ் புள்ளைங்கன்னா எனக்குத் தெரியும். சேர்ப்பீங்க, பெஞ்ச் குடுப்போம், ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுவீங்க. அந்த இடத்துக்கு இங்க வேற புள்ளைங்க நிக்குதுங்க. அதான் கேக்குறேன். எப்ப போறீங்க?"

இதுவரை அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் ஒரே மறுமொழிதான் இருந்தது. கடைக்காரருக்கு, பொலிஸுக்கு, கோயில் ஐயருக்கு, எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிவந்தார். அம்மா தொண்டையைச் செருமினார். "நாங்கள் போறேல்ல மிஸ்" என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தியம் அது. கோயிலில் கற்பூரம் கொளுத்திச் செய்திருந்தாலும் அதற்கு மேல் இருந்திருக்காது. தம்பியை ஆரம்பப் பிரிவில் சேர்த்தார்கள். என்னை ஒரு வகுப்புக் கீழே போட்டார்கள். பெஞ்சில் எல்லாரையும் விட நான் அரைத் தலை உயரம். அதனாலென்ன, பின்னம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. ஆறில் ஐந்து.

காலையில் வெள்ளவத்தையிலிருந்து கடலோர ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ். அம்மாவும் எங்களோடு வருவார். திரும்பிப் போய் மறுபடி வந்தால் வழியில் இரண்டு மடங்கு சோதனைச் சாவடி என்று அங்கேயே இருந்துவிடுவார். எங்கே? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதக்கோயிலில். அங்கே வாங்கு இருந்தது, விசிறி இருந்தது. நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒரு பெண் மாதாவுக்கு முன்னால் இருந்து வாய்க்குள் தேவாரம் முணுமுணுப்பதை அங்கிருந்தவர்கள் ஒரு நாளும் தடுக்கவில்லை. ஒரு முறை அந்த ஆட்கள் அம்மாவைப் பூச்சாடி கழுவவும் கூப்பிட்டார்கள். அம்மா சந்தோஷமாகப் போய்க் கழுவினார்.

என் பெஞ்சில் ஸ்டெல்லா இருந்தாள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவள், என்னுடைய தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "ஓம் ஓம்ங்கிறியே, நீ என்னா சாமியாரா டீ?" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, "நான் திங்கக்கெழம வரமாட்டேன் டீ. அம்மா குவைத் போறாங்க. தம்பிய யார் பாக்கிறது?" என்றாள். திங்கட்கிழமை வரவில்லை. பிறகும் வரவில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் வைத்திருந்தது இனி ஏறப்போகிற விமானம். அவளை மறித்தது ஏற்கனவே ஏறிப்போன விமானம். அவளுடைய வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் இடுப்பில் பிள்ளையோடு கையை ஆட்டுவாள். நானும் ஆட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

பின்னேரம் திரும்பி வந்தால் மாடிப்படியில் வாசுகி காத்திருப்பாள். "இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?" என்று கேட்பாள். என்னுடைய ஸ்கூல் ரையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டிருப்பாள். அவளுடைய தாய் உள்ளேயிருந்து கூப்பிட்டால் அவசரமாகக் கழற்றித் தருவாள். அந்தத் தாய்க்கு எங்கள் மேல் கோபம் இல்லை, பயம்தான். "ஆணி அடிச்சிட்டியள் தங்கச்சி. இனி உங்கட அலுவல் பிழைச்சுப் போகும். என்ர பிள்ளையை இதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்று அம்மாவிடம் நேரே சொல்லிவிட்டார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாங்கள் சேர்ந்த அந்தத் தவணையே முடியவில்லை, வாசுகிக்கு விசா வந்துவிட்டது. அவளுடைய தகப்பனின் வழக்கு எப்போதோ முடிந்திருந்தது, கடதாசிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. காரணம் அதுதான். ஆனால் லொட்ஜில் யாருக்குக் காரணம் வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு விடாத பிள்ளைக்கு விசா. விட்ட பிள்ளைகள் லொட்ஜிலேயே. முழு மாடியும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. வாசுகியும் தாயும் வான் வண்டியில் ஏறிப்போன அன்று பின்னேரம் அம்மா யன்னலடியில் இருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆணியில் தொங்கிய என் சீருடையை அம்மா ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நாளைக்கு வேண்டாம் பிள்ளை என்று அவர் சொல்லப்போகிறார் என்று நிச்சயமாக நம்பினேன். சொன்னால் நான் என்ன செய்வது? மறுபடியும் பஸ் பலகை வாசிக்க என்னால் முடியாது. அழுது புரளுவது என்று முடிவெடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மா எழும்பினார். சீருடையை ஆணியிலிருந்து எடுத்தார். காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஊத்தை. இதைப் போட்டுக்கொண்டோ இண்டைக்குப் போனனீ?" வாளியை இழுத்துச் சவர்க்காரத்தை எடுத்தார். "போற ஆக்கள் போகட்டும். நீ சப்பாத்துக்கு வெள்ளை அடிச்சிட்டியோ?"

சப்பாத்து ஏற்கனவே வெள்ளையாகத்தான் இருந்தது. நான் மறுபடியும் அடித்தேன். இந்த வயதில் எனக்குச் சில பட்டங்கள் இருக்கின்றன, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அந்த வாளிச் சத்தத்துக்கு ஈடாகாது.

அதனால்தான் அந்தப் பத்து வயதுப் பையனின் தாயிடம் நான் ஒரு வேலை பார்த்தேன். அடுத்த பல்லுக்குக் காலையில் நேரம் கேட்டார். "காலையில இடமில்லை. சின்னப் பிள்ளையளுக்கு ஸ்கூல் விட்டாப்பிறகு மட்டுந்தான் பாக்கிறனான். யூனிபோர்மோட வந்தால் முதல் ஆளா எடுப்பன்" என்றேன். அப்படி ஒரு சட்டம் என் டிஸ்பென்சரியில் கிடையாது. அந்த நிமிடத்தில் இயற்றியது. என் உதவியாளர் மல்காந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த கிழமை பையன் வெள்ளைச் சட்டையோடு வந்தான், நீலமைக் கறையோடு. விசா இன்னும் வரவில்லை. எனக்கு அடைக்க இன்னும் நிறையப் பல் இருக்கிறது.

எங்களுடைய விசா வந்தது. வந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். லொட்ஜை விட்டுத் தெஹிவளையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்துத் தாய் கனடாவுக்கு ரெலிபோன் எடுத்து, "பிள்ளைக்குச் சோதினை கிடக்கு, முடியட்டும்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சோதனை முடிந்தது. அம்மாவையும் தம்பியையும் நானே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். நான் போகவில்லை. இங்கே பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே போனால் மறுபடி எந்த வகுப்பில் போடுவார்களோ. "அப்ப நீ படி பிள்ளை" என்றார் அப்பா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் இரண்டு முறை வந்து போனார், ஒவ்வொரு முறையும் சில கிழமைகள். பத்து வயதுக்குப் பிறகு நானும் அப்பாவும் ஒரு வீட்டில் குடியிருக்கவேயில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் கொடுத்த விலை அது. மறுபடி கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் விலை விலைதான்.

இப்போது அந்த லொட்ஜ் இல்லை. அதன் இடத்தில் எழும்பிய தொடர்மாடியில் என்னிடம் பல்லுக் கட்டினவர்கள் நாலைந்து பேர் குடியிருக்கிறார்கள். கொமினிகேஷன் இருந்த இடத்தில் கையடக்கத் தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். நானா காலமாகிவிட்டார். வாசுகி அங்கே நன்றாக இருக்கிறாள். போய் இறங்கியதும் வயதுக்கேற்ற வகுப்பில் போட்டார்களாம், ஒன்றும் விளங்காமல் வருடக்கணக்காகப் பின்வாங்கில் இருந்தாளாம்.

போன வருடம் அப்பா செத்துப்போனார். செத்த வீட்டுக்கு நான் விசா கேட்டேன், ஒரு கிழமைக்குள் வந்துவிட்டது. ஒரு ஆயுள் முழுவதும் காத்த சாமான்! சடங்கெல்லாம் முடிந்த பிறகு, அம்மா தம்பியோடு போய் இருக்கப்போவதால், வீட்டுச் சாமான்களை ஒதுக்கினோம். நிலக்கீழ் அறையில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மேசை. சின்னப் பிள்ளை இருந்து படிக்கிற மேசை, உயரம் குறைந்தது, ஒரு பக்கம் இழுத்துத் திறக்கிற லாச்சி. நான் தம்பியைப் பார்த்தேன்.

"என்ரயில்லை. நான் வரேக்கயே எனக்கு இது சின்னன்" என்றான் தம்பி.

அம்மாதான் சொன்னார். "உனக்கு வாங்கினவர். நாங்கள் லொட்ஜில இருக்கேக்கயே வாங்கினவராம். அங்க பிள்ளை வந்தவுடன படிக்க மேசை வேணுமெண்டு. இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் குடுக்க விடேல்ல."

அப்படியென்றால் வாற மாசம் என்று அவர் எங்களுக்குச் சொன்னது முழுப் பொய்யில்லை. கொஞ்சம் நம்பியும் இருந்திருக்கிறார். நான் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அந்த மேசையடியில் இருந்து பார்த்தேன். முழங்கால் உள்ளே போகவில்லை. தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

வேண்டாத தளபாடத்தை அந்த ஊரில் வீட்டுக்கு முன்னால் நடைபாதையோரம் வைப்பது வழக்கம். விரும்பினவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். விமானத்தில் கொண்டுவருவதா என்றும் யோசித்தேன், பைத்தியக்காரத்தனம். பின்னேரம் நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். லாச்சியை ஒரு துணியால் துடைத்துவிட்டேன். விடியப் போய்ப் பார்த்தேன், மேசை இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்தான் எடுத்திருக்க வேண்டும். வேறு யாருக்கு அந்த உயரத்தில் மேசை தேவை?